வாசித்துக் காட்டிவிட்டு வருகிறவள்

நவம்பர் பதினான்கு, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவில் பெய்த மழை பின்முற்றத்து வாளியில் நான்கு விரற்கடை நின்றது. ஐந்தே முக்காலுக்குப் பால் வந்தது. ஆறு ஐந்துக்கு இரண்டு நாளிதழ்கள் வந்தன. நாகர்கோவில் பக்கங்களை முதலில் வாசித்து, பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். நான் வேலை பார்த்த நாளிதழ் தன் செய்தி மேசையை வேறு ஊருக்கு மாற்றியபோது வேலையை விட்டேன்; இரண்டு வருடமாகிறது. பென்சிலை மட்டும் விட முடியவில்லை. எட்டே காலுக்குக் கணவர் வங்கிக்குக் கிளம்பினார். ஒன்பதிலிருந்து பத்து வரை துணி துவைத்தேன். பத்து இருபதுக்குப் போன் வந்தது.

பேசியவர் பத்திரிகையாளர் சங்கத்தின் செயலாளர். இளைஞர். ஒரு காலத்தில் என்னிடம் ஆறு மாதம் வேலை பழகியவர்.

"அக்கா, சொகமா இருக்கியளா? ஒரு நல்ல காரியமாக்கும்."

நல்ல காரியம் இதுதான். பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பற்றி எழுதும் நிருபர்களுக்கு இந்த வருடம் முதல் சங்கம் ஒரு விருது கொடுக்கப்போகிறது. விருதுக்கு, என்னோடு நிருபராக இருந்த ஒருத்தியுடைய பெயரை வைக்கிறார்கள். அவள் போன ஆடி மாதம் இறந்துபோனாள். விழா மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும்.

"கூட இருந்து பாத்த ஆளு நீங்கதானே. அடுத்தடுத்த மேசைல்லா."

"எத்தனை வரி?"

"நீங்க எழுதினா செரியா ஒரு பக்கம் இருக்கும், எனக்குத் தெரியாதா? இன்னொரு காரியம். அந்த அண்டி ஆபீஸ் கேஸ் உண்டுல்லா, ரெட்டப் பிள்ளைக்க அம்மை? அவங்கள மேடைக்குக் கொண்டு வரணும். ஒரு பொன்னாடை போட்டு ரெண்டு வார்த்த பேச வச்சா போரும். அவங்க இப்பம் எங்க இருக்காங்கன்னு ஒரு ஆளுக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அண்டி ஆபீஸ் என்பது முந்திரித் தொழிற்சாலை. மார்த்தாண்டம் பக்கத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத வெளிய சொல்லாதீங்க. முதல் வருச விருது ஆருக்குன்னு பேசினோம். அந்தக் கேஸ முதல்ல எழுதினது நீங்கதானே. ரெண்டு செய்தி. அவங்க எழுதினது பெறவுதானே. அந்த அம்மை வந்து மேடைல நின்னா, கமிட்டிக்கு வேற பேர யோசிக்க வேண்டிய சோலியே இல்ல."

"நாளைக்குக் காலைல சொல்லுகேன்" என்றேன். பத்து முப்பத்தொன்றுக்குப் போனை வைத்தேன்.

அந்தப் பெண் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். தெருப் பெயர், கதவு எண், இறங்க வேண்டிய பஸ் நிறுத்தம் எல்லாம் தெரியும்.

அவர்கள் கேட்ட ஒரு பக்கத்தை மதியத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். அவளைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. பொறாமையை எடுத்துவிட்டு எழுதுவதுதான் கஷ்டம். அந்தப் பக்கத்தில் பொறாமை இல்லை. அதனாலோ என்னவோ அவளும் அதில் இல்லை. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். கடியப்பட்டணத்துக்காரி. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஊர்க் கோவிலில் பைபிள் வாசகம் வாசிப்பவள் அவள்தான். அந்தப் பழக்கமோ என்னவோ, எதை வாசித்தாலும் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு வாசிப்பாள். பட்டம் வாங்கிய பெண் இரண்டாம் வகுப்புப் பிள்ளைபோல விரலை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

வேலைக்கு வந்த முதல் வாரம், மத்தியானம் பாத்திரத்தைத் திறந்தாள். சாளைமீன் கறி. நாங்கள் சைவம். மறுநாள் காலையில் என் மேசையைச் சுவர்ப் பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவள் அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில், டீ விற்கும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று மாதத்தில், அந்த அம்மாவின் மகளை மருமகன் என்னென்ன செய்கிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் அதே அம்மாவிடம் ஏழு வருடமாக டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் மாலை ஆறரைக்குள் செய்தி மேசைக்கு வந்துவிட வேண்டும். நான் ஆறு பத்துக்குக் கொடுப்பேன். பத்தொன்பது வருடத்தில் நான் தாமதித்த நாட்கள் மூன்று. மூன்றுக்கும் காரணம் டைரியில் இருக்கிறது. அவள் ஏழு மணிக்கு வருவாள், ஏழு நாற்பதுக்கு வருவாள், சில நாள் அன்று வரவே மாட்டாள். கேட்டால் ஒரே பதில்தான்.

"வாசிச்சுக் காட்டிட்டு வாறேன் சார்."

அடிபட்டவள், விரட்டப்பட்டவள், ஏமாற்றப்பட்டவள் யாராக இருந்தாலும் சரி, செய்தியை எழுதி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறுவாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து, முழுவதையும் சத்தமாக வாசிப்பாள். அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னதை வெட்டுவாள். அதற்குப் பிறகுதான் அலுவலகம். தொலைபேசி வந்தது, கைப்பேசி வந்தது, அவள் மாறவில்லை. "போனுல வாசிச்சா அவிய மொகம் தெரியாது அக்கா. செரி செரின்னு சொல்லிருவாங்க" என்பாள்.

எந்த நிருபரும் செய்தியை வெளியாளிடம் முன்கூட்டிக் காட்டக் கூடாது. எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. நானே தலைமை நிருபரிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். பொறாமையால் இல்லை, ஒழுங்குக்காக என்று அப்போது நினைத்தேன்.

பெண்கள் எதை வெட்டச் சொல்வார்கள் என்று என்னால் ஒருபோதும் சரியாக ஊகிக்க முடிந்ததில்லை. பெல்ட்டால் அடித்தான் என்பதை ஒருத்தி அப்படியே விட்டுவிட்டாள். 'கண்ணீர் மல்கக் கூறினார்' என்ற இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினாளாம். "நான் எங்க அழுதேன்? நீ பாத்தியா? அத வெட்டு." இன்னொருத்தி அடியை எல்லாம் வெட்டச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் தன் பசுவுக்கு ஒருவரும் தண்ணீர் வைக்கவில்லை என்பதைச் சேர்க்கச் சொன்னாள். இவள் சேர்த்தாள். மேசைக்காரர் இல்லாத நாட்களில் செம்மை பார்ப்பது நான்; அதையும் நான்தான் பார்த்தேன். பசுவுக்கும் குடும்ப வன்முறைக்கும் என்ன தொடர்பு என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். வெளியான வாரம் எங்களுக்கு வந்த வாசகர் கடிதங்களில் பாதி அந்தப் பசுவைப் பற்றி இருந்தன. நான் எழுதிய செய்திகளுக்குக் கடிதம் வந்தால், அது எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டத்தான் வரும். என் செய்திகளில் பிழையும் இருக்காது.

ஒரு தடவை சிதறால் பக்கம் ஓர் ஆசிரியையைப் பார்க்கப் போனாள். மூன்று நாள் அலைந்தாள். கடைசியில் இரண்டே இரண்டு வரி கொண்டுவந்து கொடுத்தாள். தலைமை நிருபர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்மா, மீதி எங்க?"

"அவ்வளவுதான் சார் தந்தாங்க."

"மூணு நாள் பஸ்ஸு சார்சு குடுத்து அனுப்பினது ரெண்டு வரிக்கா? இது செய்தியா, காணவில்லை விளம்பரமா?"

"முப்பது வரி எழுதினேன் சார். வாசிச்சுக் காட்டினேன். இருபத்தெட்ட வேண்டாம்ன்னுட்டாங்க. அது அவங்களுக்க வரியில்லா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் என் மேசையில் தலை குனிந்து சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு வரியும் அன்று போயிற்று. அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கூடத்தில் விசாரணை வந்தது. அந்த ஆசிரியை யாரென்று அந்த ஊரில் எவருக்கும் இன்றுவரை தெரியாது.

இனி அண்டி ஆபீஸ் விஷயம்.

அதை முதலில் எழுதியது நான்தான். அதில் பொய்யில்லை. கணவனுடைய அடி தாங்காமல் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறிப் போலீசில் புகார் கொடுத்திருந்தாள். ஸ்டேஷனிலிருந்தும், போனில் விசாரித்தும் எல்லா விவரங்களையும் சேகரித்தேன். சட்டப்படி, மரபுப்படி, பெயரை எழுதவில்லை. மற்றதை எல்லாம் எழுதினேன். வயது முப்பத்து நான்கு. முந்திரிப் பருப்பின் தோல் உரிக்கும் பிரிவில் வேலை. நான்காம் வகுப்பில் படிக்கும் இரட்டைப் பெண் குழந்தைகள். தற்போது கால்வாய்ப் பாலத்துக்குக் கிழக்கே மூத்த சகோதரியின் வீட்டில் தங்கியிருக்கிறார். இருபத்து நான்கு வரி. ஒரு விவரம் தவறில்லை.

நான்காம் நாள் இரண்டாவது செய்தி எழுதினேன். கணவன் அந்த வீட்டுக்கு வந்து அவளுடைய வலது கையை இரண்டு இடத்தில் முறித்திருந்தான். எந்தக் கட்டையால், எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரியில் என்று எல்லாம் எழுதினேன். 'மனைவி இருக்குமிடத்தை எப்படியோ அறிந்துகொண்ட கணவன்' என்றும் எழுதினேன். நான் எழுதிய ஆயிரக்கணக்கான செய்திகளில் 'எப்படியோ' என்ற சொல் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அன்று அது எனக்கு உறுத்தவில்லை.

எட்டு மாதம் கழித்து அவள் அதே பெண்ணைப் பற்றி ஒரு ஞாயிறு மலரில் முழுப் பக்கம் எழுதினாள். அதில் ஊர் இல்லை, வயது இல்லை, இரட்டைப் பிள்ளைகள் இல்லை, அண்டி ஆபீஸ் இல்லை. ஒரு பெண் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் காத்திருக்கிறாள். எந்த பெஞ்சில் யார் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் கட்டுரை. விவரமே இல்லாத கட்டுரை என்று டைரியில் எழுதினேன். இரண்டு தடவை வாசித்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன்.

அந்த வருடம் சென்னையில் ஓர் அமைப்பு இத்தகைய செய்திகளுக்கு விருது அறிவித்தது. அவள் விண்ணப்பம் போட்டாள். நானும் போட்டேன். இரண்டு விண்ணப்பங்களையும் தட்டச்சு செய்தது நான்தான், ஏனென்றால் அலுவலகத்தில் கட்டம் மீறாமல் அடிக்கத் தெரிந்தவள் நான். 'பாதிக்கப்பட்டவரின் தொடர்பு எண்' என்ற கட்டத்தில் அவள் தன்னுடைய எண்ணையே எழுதியிருந்தாள்.

"ஏட்டி, இது உனக்க நம்பர். தப்பா எழுதியிருக்க."

"தப்பில்ல அக்கா. அவங்களுக்கு வாற போனு எனக்கு வரட்டு."

"கேட்டதுக்குத்தான் பதில் எழுதணும்."

"அப்பம் கிடைக்காண்டாம், அக்கா. பரவால்ல."

என்னுடைய இரண்டு செய்தி நறுக்குகளையும் அவளிடம் காட்டினேன். காட்ட வேண்டிய தேவை இல்லை. ஆறு பத்துக்குக் கொடுத்த செய்தி எப்படி இருக்கும் என்று அவள் பார்க்கட்டும் என்றுதான். விரலை வைத்து வாசித்தாள். முதல் செய்தியில் பதினெட்டாம் வரியில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. மடித்துத் திருப்பித் தந்தாள்.

"எல்லாம் தெளிவா இருக்கு அக்கா" என்றாள்.

இரண்டு உறைகளையும் நானே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அவளுடைய உறை கையில் கனத்தது. அதை அனுப்பாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று படியேறும்போது தோன்றியது. பதிவுத் தபாலில் இரண்டையும் அனுப்பி, இரண்டு ரசீதுகளையும் டைரியில் ஒட்டினேன். இப்போதும் இருக்கின்றன.

அவளுக்குக் கிடைத்தது.

செய்தி வந்த அன்று பக்கப் பொறுப்பு என்னிடம். பதினான்கு வரி எழுதி, பிறகு இரண்டைக் குறைத்து, நான்காம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில், பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தேன். இடப் பற்றாக்குறை என்று கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் கேட்கவில்லை. பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அணைக்குக் கீழ கொண்டு நிறுத்தியிருக்கீங்களே. மதகு தெறந்தா நான் கடலுக்குப் போயிருவேன். எங்க வீட்டுக்குக் கிட்ட, வசதிதான்."

அலுவலகம் முழுவதும் சிரித்தது. அந்தப் பன்னிரண்டு வரியைவிட அவள் சொன்னதுதான் எல்லோருக்கும் நினைவிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது சனிக்கிழமைதோறும் மத்தியானத்துக்கு மேல் அவள் இருக்கமாட்டாள். யாரோ முக்கியமான ஆள் அவளுக்கு விவரம் தருகிறார், அதனால்தான் அவளுக்கு எல்லாம் கிடைக்கிறது என்று நினைத்தேன். நான்கு மாதம் நேரத்தைக் குறித்தேன். ஐந்தாவது மாதம், அவள் ஏறிய பஸ்ஸில், கூட்டத்துக்குப் பின்னால் நானும் ஏறினேன்.

எந்த ஊரில் இறங்கினேன் என்று எழுதப்போவதில்லை. நான் பார்த்தது தையல் கடை என்று சொல்கிறேன். அது தையல் கடையாக இருக்க வேண்டியதில்லை. அண்டி ஆபீஸ் என்று மேலே எழுதியதும் அண்டி ஆபீஸ் அல்ல. வயதும் வகுப்பும் இரட்டைப் பிள்ளையும் பாலமும் திசையும் அப்படித்தான். இதை அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் அந்தப் பெண் அந்தக் கடையிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை.

நான் தேடி வந்தவள் உள்ளே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பெண் மெஷினில் இருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே நேராக இல்லை. இரண்டு சிறுமிகள், ஒரே முகம், மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திருடனைப் பிடித்தவள்போல அல்ல, எதிர்பார்த்திருந்தவள்போலப் பார்த்தாள்.

"வாங்க அக்கா. இது எனக்க கூட்டுக்காரியாக்கும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "பேங்கில வேல பாக்காங்க."

பேங்கில் வேலை பார்ப்பது என் கணவர். நான் தலையை ஆட்டினேன்.

அந்தப் பெண் சந்தோஷப்பட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாயா வாங்கிவரச் சிறுமிகளில் ஒருத்தியை அனுப்பினார். பேச்சு எங்கெங்கோ போய்க் கையில் வந்து நின்றது. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"ஒரு பேப்பருகாரி எழுதிட்டா மேடம். பேரு மட்டும் எழுதேல. நான் எங்க நிக்கேன், எனக்க பிள்ளைய எத்தனாங் கிளாஸு, எல்லாம் எழுதினா. அவருக்கு வாசிக்க அறியாது, கேட்டியளா. சாயக்கடைல ஆரோ வாசிச்சுக் குடுத்திருக்கு. ரெட்டப் பிள்ளன்னு கேட்டதும் எந்திச்சு வந்திருக்காரு."

"அவ வேணும்ன்னு எழுதியிருக்க மாட்டா" என்றாள் அவள், கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வேணும்ன்னு எழுதினா என்ன, வேண்டாம்ன்னு எழுதினா என்ன? கை எனக்க கைதானே?"

பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, கணவன் பேரை எழுதாமல் பேங்கில் ஒரு கணக்குத் திறக்க முடியுமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று மாலையே என் கணவரிடம் விசாரித்தேன். அடுத்த வாரம் நானே கூடப் போய்ப் படிவத்தை நிரப்பினேன். அதிலிருந்து அந்த வீட்டில் நான் பேங்க் மேடம்.

திரும்பி வரும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். மூன்று நிறுத்தம் தாண்டியதும் கேட்டேன்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"எனக்கிட்ட ஏன் சொல்லேல?"

"சொன்னா எழுதுறத விட்டிருவீங்கன்னு நெனச்சேன். அந்த மேசைல அப்புறம் எவனாவது வந்து உக்காருவான். பீடி நாத்தம் வேற." ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க மேசைக்குச் சாளை நாத்தமே ஆகாதுல்லா?"

ஒரு முழம் தள்ளிப் போட்ட மேசையைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன். அலுவலகத்தில் சொல்லியிருந்தால் வெறுத்திருப்பேன். இரண்டுக்கும் இடம் வைக்கவில்லை. என் தவறை எனக்கே தெரியாமல் ஒன்றேகால் வருடம் பத்திரமாக வைத்திருந்தாள். அந்த விருதைவிட அதற்குத்தான் அவள்மேல் எனக்குப் பொறாமை அதிகம். எனக்கு அப்படி ஒருவருக்காக எதையும் வைத்திருக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் எழுதிவிடுவேன்.

அவள் பயந்தபடியேதான் நடந்தது. நான் வெளிச் செய்திக்குப் போவதை விட்டேன். மேசை வேலையைக் கேட்டு வாங்கினேன். இளம் நிருபர்கள் கொண்டுவரும் செய்திகளில் தெருவையும் வகுப்பையும் பாலத்தையும் வெட்டினேன். அவர்கள் எனக்கு 'ஊர்வெட்டி' என்று பெயர் வைத்தார்கள். போனில் பேசிய செயலாளரும் அவர்களில் ஒருவர். ஏன் வெட்டுகிறேன் என்று எவருக்கும் நான் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல ஏழு நாற்பதுக்கு வந்து, என் மேசையில் தாளை வைத்து, "வாசிச்சுக் காட்டியாச்சு அக்கா. நீங்க வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல" என்பாள். இருக்கவும் இருக்காது. நான் ஒரு கமாவையாவது தேடுவேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது அவளால் அதிகம் பேச முடியவில்லை. மெத்தைமேல் விரல் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. "ரெண்டாவது சனிக்கிழம நீங்க போவீங்கல்லா?" என்றாள். போவேன் என்றேன். போய்க்கொண்டிருக்கிறேன். எனக்குக் கொக்கி வைக்க வராது. பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், ஒருத்தி வேலைக்குப் போகிறாள். அந்தப் பெண் அவளைப் பற்றித்தான் பேசுவார். "அவங்க வந்தா கடைக்கே ஒரு வெளிச்சம்" என்பார். நான் போவதைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை.

போன மாதம் ஒன்று சொன்னார். தண்டனை முடிந்து வெளியே வந்த அந்த ஆள், ஓணத்துக்கு அடுத்த வாரம் மூத்த சகோதரியின் வீட்டு வாசலில் வந்து நின்றானாம். அவள் எங்கே என்று கேட்டானாம். கேரளத்துக்குப் போய்விட்டாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மேல் இதை எல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டைரிகளை வருட வாரியாக அடுக்கியிருப்பதால் தேட நேரமாகவில்லை. மூன்று மணிக்கு மழை வந்தது. துணியை எடுத்து உள்ளே போட்டேன்.

மறைத்து எழுத விரும்பவில்லை. எனக்கு அந்த விருது வேண்டும். பத்தொன்பது வருடம் ஆறு பத்துக்குச் செய்தி கொடுத்தவளுக்கு ஒரு தடவை பொன்னாடை போட்டால் என்ன? அவள் பெயரிலான விருது என்பதுகூடப் பரவாயில்லை. அந்த மேடையில் என் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதை மனதுக்குள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். உடனே அதன் அடுத்த வரியும் கேட்டது. பேங்க் மேடம் என்று கூப்பிடும் அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் இருந்து, எந்த இரண்டு செய்திகளுக்காக எனக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். முன்வரிசையில் பத்துக் கைப்பேசிகள் படம் எடுக்கும். அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

காரணத்தைச் சொல்லி மறுக்கலாம் என்றும் யோசித்தேன். ஆனால் காரணம் சொன்னால் இடம் எனக்குத் தெரியும் என்பது செயலாளருக்குத் தெரிந்துவிடும். அவரை வேலை பழக்கியது நான். ஒரு நூல் கிடைத்தால் இரண்டு நாளில் போய் நிற்பார். நல்ல எண்ணத்தோடு, பொன்னாடையோடு நிற்பார். ஐந்தரைக்குக் கணவர் வந்தார். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். மழை என்றேன். ஏழு மணிக்கு டைரியை எழுதினேன். ஒன்பதே முக்காலுக்குப் படுத்தேன்.

நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வருவதற்கு முன்பு, முதல் வேலையாகச் செயலாளரைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில் எடுத்தார்.

"தம்பி, ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கிடலாம். அந்தப் பொம்பள எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

"என்னக்கா, நீங்களா சொல்லுகிய? டைரியெல்லாம் வச்சிருப்பியளே."

"பாத்தேன். எழுதி வைக்கேல."

அவர் கொட்டாவியை அடக்கினார்.

"அப்பம் விருதுக்கு வேற ஆளத்தான் பாக்கணும், கோவிக்காதீங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டா அக்கா? அவங்க இருந்திருந்தா இண்ணைக்கு மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிருப்பாங்க. அதாக்கும் நிருபர்."

"ஆமா" என்றேன்.